குடிநீர் அலுவலகத்துக் கதவக்கா

குடிநீர் அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்த அவளை, கடைசி இருபத்திரண்டு வருடமும் எல்லோரும் கதவக்கா என்றே கூப்பிட்டார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களிடம் யாராவது, “பாஸ்வேர்டா? போய்க் கதவக்காவைப் பாருங்க” என்று சொன்னால், வாசலில் உட்கார்ந்து கதவு திறந்துவிடும் அம்மா போலிருக்கிறது என்று கீழே தேடிக்கொண்டு அலைவார்கள். அவளோ முதல் மாடியில் ஜன்னலோரமாக, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அலுவலகத்தின் ஐந்து பிரிவுகளுக்கும் பொதுவாக ஒரு சர்வர். அதில் எந்த ஃபோல்டரை யார் திறந்து பார்க்கலாம், யார் திருத்தி எழுதலாம், யாருடைய கண்ணில் அது படவே கூடாது என்று ஏற்பாடு செய்வது அவள் வேலை.

அவள் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. அந்த இடத்தை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு முதலில் காதில் விழுவது டைப் அடிக்கும் சத்தம்தான். அவள் உள்ளே நுழைந்ததே டைப்பிஸ்டாகத்தான். நீளமான கூடம், இரண்டு வரிசையில் ஒன்பது மெஷின்கள். ஒவ்வொரு வரி முடியும்போதும் ஒரு மணி ‘டிங்’ என்று அடிக்கும். ஒன்பது பேரும் மும்முரமாக அடித்தால் கூடம் முழுக்க மணியோசை. மதியம் சாப்பாட்டு நேரத்தில் அது சட்டென்று நின்று போகும்போது, பக்கத்திலிருக்கும் பெரிய தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். விரலெல்லாம் கார்பன் மையோடு அவர்கள் ஒருவர் டப்பாவிலிருந்து ஒருவர் எடுத்துச் சாப்பிட்ட அந்தக் கூடம் இப்போது இரண்டாகத் தடுக்கப்பட்டு, ஒரு பாதியில் பழைய நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

அவளுடைய ஒன்பதாவது வருடத்தில் சர்வர் வந்தது. நிறுவ வந்த ஆள் இரண்டு நாள் இருந்தான். மூன்றாம் நாள், தலையணை மாதிரி ஒரு கையேட்டை மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டுப் போயே போய்விட்டான். மேனேஜர் ஒல்லியான மனிதர். பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருப்பார். அவர் அந்தக் கையேட்டோடு டைப்பிங் கூடத்துக்கு வந்து, “இதை யாராவது படிச்சுப் பார்க்கிறீங்களா?” என்று கேட்டார். எட்டுப் பேர் மெஷினைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். அவள் மட்டும் கை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

இதைக் கேட்டு அவள் கணவன் ஆச்சரியப்படவில்லை. அவன் நகரப் பேருந்து ஓட்டுநர். “இவ மருந்து பாட்டிலோட வர்ற சீட்டைக்கூடக் கடைசி வரி வரைக்கும் படிச்சிட்டுத்தான் குழந்தைக்கு ஒரு மூடி ஊத்துவா. அதுக்குள்ள ஜுரம் தானா இறங்கிடும்” என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவான். அந்தக் கையேட்டையும் அவள் அப்படித்தான் படித்தாள். நான்கு வயது மகள் மடியில் ஏறி உட்கார்ந்து பக்கத்தைத் திருப்ப, முந்நூற்றுச் சொச்சம் பக்கத்தையும் ஒரே மாதத்தில் முடித்துவிட்டாள். பாதிதான் புரிந்தது. மீதிப் பாதியை சர்வரோடு மல்லுக்கட்டிக் கற்றுக்கொண்டாள்.

ஆரம்பத்தில் சர்வரில் இருந்தது ஒரே ஒரு ஃபோல்டர். அதன் பெயர் ‘பொது’. எல்லோரும் எல்லாவற்றையும் அதில் போட்டார்கள். பைப் வரைபடமும் அங்கேதான், தண்ணீர்ப் பரிசோதனை முடிவும் அங்கேதான், யாரோ ஒருவருடைய குழந்தை தவழும் படமும் அங்கேதான். மூன்று மாதம் அமர்க்களமாகப் போயிற்று. ஒருநாள் காலை புகார்ப் பிரிவில் இருந்த ஒரு கிளார்க், விடுமுறைப் பட்டியலாக இருக்கும் என்று நினைத்து ஒரு ஃபைலைத் திறந்தார். அது இன்னும் கையெழுத்தாகாத இடமாற்றப் பட்டியல். பதினொரு மணிக்குள் மேனேஜர் அறை வாசலில் பதினேழு பேர் நின்றார்கள். அதில் இரண்டு பேர் அழுதுகொண்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் மேனேஜர் அவளைக் கூப்பிட்டார்.

“இனிமே யார் எதைப் பார்க்கலாம்னு ஒரு முறை வேணும். நீங்கதாம்மா பண்ணணும்.”

“யார் எதைப் பார்க்கலாம்னு எனக்கு எப்படி சார் தெரியும்?”

“எனக்கும் தெரியாது. அவங்கவங்களைப் போய்க் கேளுங்க.”

மறுநாள் ஒரு நீள நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பக்கம் முழுக்கக் கட்டம் போட்டிருந்தாள். இடது பக்கம் வரிசையாக ஆட்கள், மேலே வரிசையாக ஃபோல்டர்கள். படிக்கலாம் என்றால் கட்டத்தில் ஒரு ‘ப’, திருத்தியும் எழுதலாம் என்றால் ஒரு ‘எ’, இரண்டும் இல்லையென்றால் வெறும் கட்டம்.

முதலில் புகார்ப் பிரிவுக்குப் போனாள். தலைவர் இரண்டு காதிலும் இரண்டு தொலைபேசி வைத்துக்கொண்டிருந்தார். ஒன்றை மட்டும் பொத்திக்கொண்டு, “நாங்க எல்லாரோடதையும் பார்க்கணும். எங்களோடதை யாரும் பார்க்கக் கூடாது. எழுதிக்கோங்க” என்றார்.

பணியாளர் பிரிவின் தலைவி இடுப்பில் சாவிக்கொத்தோடு இருப்பவர். எது சொன்னாலும் காதோடுதான் சொல்லுவார். அவரும் வந்து காதோரம் குனிந்து, “நாங்க எல்லாரோடதையும் பார்க்கணும். எங்களோடதை யாரும் பார்க்கக் கூடாது” என்றார். வரைபடப் பிரிவிலும் அதே பாட்டு. ஆய்வகத்தில் இருந்த அம்மா ஒருவர்தான் யோசித்துப் பதில் சொன்னார். “எங்க முடிவைப் பராமரிப்பு ஆளுங்க கட்டாயம் படிக்கணும். ஆனா ஒரு புள்ளியைக்கூட மாத்தக் கூடாது. புள்ளி நகர்ந்தா குடிக்கிற தண்ணி வேற தண்ணியாயிடும்.” அவள் சந்தோஷமாக ஒரு ‘ப’ போட்டாள்.

கடைசியாகக் கீழ்த்தளத்தில் பராமரிப்புப் பிரிவு. அங்கே ஃபோர்மேனாக இருந்தவருக்கு இடி என்று பெயர். அவர் சாதாரணமாகப் பேசினாலே மாடியில் ஜன்னல் கண்ணாடி அதிரும். அவளைவிட ஐந்து வயது மூத்தவர்.

“ஏம்மா, தண்ணி எந்தத் தெருவுல எப்படிப் போகுதுன்னு தெரிஞ்சுக்க எனக்குப் பாஸ்வேர்டு வேணுமா? இருபது வருஷமா இந்தக் காலாலயே நடந்து பார்த்திருக்கேன்!”

“சரிண்ணா. ஆனா உங்க பைப் வரைபடத்தை யார் யார் திருத்தலாம்?”

“எவனும் தொடக் கூடாது!”

“நீங்க?”

“நான் தொடாம வேற யாரு தொடுவா?” என்றார் இடி, கொஞ்சம் இறங்கின குரலில். அவர் பெயருக்கு நேராக ‘எ’ போட்டாள்.

அந்த இரண்டு வாரத்தைப்போல ஒரு காலம் பிறகு வாய்க்கவே இல்லை என்று அவள் இப்போதும் சொல்லுவாள். ஒன்பது வருடமாக அவர்கள் எழுதின கடிதத்தையெல்லாம் டைப் அடித்திருக்கிறாள். ஆனால் அவர்கள் உட்காரும் இடத்தைப் பார்த்ததே இல்லை. ஆய்வகத்தில் அலமாரி முழுக்கச் சின்னச் சின்னப் பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தெருப் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. அவள் வீட்டுத் தெருவும் அதில் ஒரு பாட்டிலாக நின்றுகொண்டிருந்தது. வரைபடப் பிரிவில் கை கழுவிவிட்டு வந்தால்தான் மேஜைக்குப் பக்கத்திலேயே விடுவார்கள். யாருக்கு யாருடைய காகிதம் வேண்டியிருக்கிறது, யார் யாரிடம் நேராகக் கேட்க மாட்டார்கள், யார் கேட்காமலேயே கொடுப்பார்கள் என்பதெல்லாம் கட்டம் கட்டமாக அந்த நோட்டில் இறங்கியது.

நோட்டில் இருந்தபடியே சர்வரில் ஏற்றினாள். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு குழு, குழுவுக்குள் ஆட்கள், குழுவுக்கு அனுமதி. இடமாற்றப் பட்டியல் மறுபடியும் யார் கண்ணிலும் படவில்லை. மேனேஜர் பேனா மூடியை மூடி வைத்துவிட்டு, “நல்லா இருக்கும்மா” என்றார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

இரண்டு மாதம் கழித்து, கம்ப்யூட்டர் தெரியாதவர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. வகுப்பில் மொத்தம் பதினாறு பேர். முதல் நாளே யாரோ ஒருவர் மவுசைப் பிடித்து இழுத்த இழுப்பில், வரைபட ஃபோல்டர் பூராவும் ஆய்வக ஃபோல்டருக்குள் போய் விழுந்தது. தேடிக் கண்டுபிடித்து வெளியே எடுப்பதற்குள் அவளுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. அதனால் ‘பயிற்சி’ என்று ஒரு குழு வைத்து, அந்தப் பதினாறு பேரையும் அதில் போட்டு, வரைபடங்களின் பக்கமே அவர்கள் போக முடியாதபடி ‘மறுப்பு’ என்ற கட்டத்தில் ஒரு டிக் அடித்தாள்.

ஒரு குழு வழியாக அனுமதியும் இன்னொரு குழு வழியாக மறுப்பும் ஒரே ஆளுக்கு இருந்தால், மறுப்புதான் செல்லும். கையேட்டில் அதைப் பெட்டி கட்டிப் போட்டிருந்தார்கள். அவளும் படித்திருந்தாள். ஆனால் அந்தப் பதினாறு பேரில் இடியும் ஒருவர் என்பது அன்றைய அவசரத்தில் அவளுக்குத் தோன்றவே இல்லை. வகுப்பு முடிந்தது. டிக் அப்படியே நின்றுவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். அவள் தலைக்குக் குளித்துவிட்டு வந்து துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கணவன் மகளுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தான். தொலைபேசி அடித்தது. அவன் எடுத்தான்.

“கதவைத் திற!” என்று ஒரு குரல் முழங்கியது.

அவன் ரிசீவரை அப்படியே வைத்துவிட்டுப் போய் வாசல் கதவைத் திறந்து பார்த்தான். யாரும் இல்லை. தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே வந்து, “ஆளைக் காணோமே” என்றான். அதற்குள் அவள் ரிசீவரை எடுத்திருந்தாள்.

“ஏம்மா, மெயின் பைப் வெடிச்சிடுச்சு! பள்ளத்துத் தெருவுல வீட்டுக்குள்ள தண்ணி போகுது! வரைபடத்தைத் திறந்தா ‘அனுமதி இல்லை’ன்னு வருது! பேப்பர் வரைபடம் பீரோவுக்குள்ள இருக்கு, பீரோ சாவி வெளியூருக்குப் போயிருக்கு! கதவைத் திறம்மா!”

வீட்டிலிருந்து சர்வரைத் தொட முடியாத காலம் அது. ஈரத் தலையோடு ஸ்கூட்டரில் ஏறினாள். மகளைத் தனியாக விட முடியாது. முன்னால் நிறுத்திக்கொண்டு கணவன் ஓட்டினான். அலுவலகம் போய்ச் சேர இருபத்தைந்து நிமிஷம் ஆனது. அதற்குள் இடி பொறுக்க முடியாமல் திரும்ப அந்தத் தெருவுக்கே போய்விட்டிருந்தார். கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியடியில் சேறும் தண்ணீருமாக இரண்டு காலடித் தடம். திரையில் அந்த ஒரு வரி நின்றுகொண்டிருந்தது.

அவள் தன் பெயரில் நுழைந்து பார்த்தாள். இரண்டே நிமிஷத்தில் விஷயம் தெரிந்துபோயிற்று. பராமரிப்புக் குழுவில் இடியின் பெயர், பயிற்சிக் குழுவிலும் இடியின் பெயர். அந்த டிக்கை எடுத்தாள். வரைபடத்தைத் தானே திறந்து அச்செடுத்து, பிளாஸ்டிக் பைக்குள் சுருட்டிக்கொண்டு மறுபடி ஸ்கூட்டரில் ஏறினாள்.

பள்ளத்துத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். இடி அதன் நடுவில் நின்றுகொண்டிருந்தார். ஞாபகத்தை நம்பி ஒரு வால்வை மூடியிருந்தார். அது இந்தத் தெருவுக்கான வால்வே இல்லை. ஊரின் வடக்குப் பக்கம் முழுக்கக் குழாயில் தண்ணீர் வராமல் போனதுதான் மிச்சம். அவள் வரைபடத்தைக் கொடுத்தாள். அவர் ஸ்கூட்டர் சீட்டில் விரித்துப் பார்த்தார். சாலையை அகலப்படுத்தியபோது வால்வை எதிர்ப்பக்கம் மாற்றியிருந்தார்கள். காய்கறி வண்டி ஒன்று அதன் மேலேயே நின்றுகொண்டிருந்தது. நான்கு பேர் வண்டியைத் தள்ளினார்கள். இடி இரும்புச் சாவியைப் போட்டுத் திருகினார். தண்ணீர் மெள்ள மெள்ள அடங்கியது.

பதினொரு வீடுகளுக்குள் தண்ணீர் போயிருந்தது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் பாயும் படுக்கையும் அரிசியும் துணியும் போயின.

திங்கட்கிழமை காலை அவள் அலுவலகத்துக்கு நேராகப் போகவில்லை. பேருந்திலிருந்து இறங்கிப் பள்ளத்துத் தெருவுக்கு நடந்தாள். சுவரிலெல்லாம் முழங்கால் அளவில் ஒரு சேற்றுக் கோடு. ஒரு வீட்டு வாசலில் ஒரு பெண் பள்ளிக்கூடப் புத்தகங்களை வைத்துக்கொண்டு, ஒட்டிக்கொண்ட பக்கங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். கதவக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரிக்க ஆரம்பித்தாள்.

“நீங்க எந்த வீடு?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

“தண்ணி ஆபீஸ்.”

அந்தப் பெண் கையை நிறுத்தி ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று கதவக்கா காத்திருந்தாள். “இதைக் கிழியாம எடுங்க. கணக்குப் புத்தகம். அடுத்த வாரம் பரீட்சை” என்றாள் அவள். அதோடு சரி. முக்கால் மணி நேரம் இரண்டு பேரும் பக்கம் பிரித்தார்கள்.

அப்போது தெருமுனையில் இடி வந்தார். தோளில் அடுக்காகப் புதுப் பாய்கள். அவளைப் பார்த்ததும் அவரும் நின்றார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இடி வீடு வீடாகப் பாயை வைத்துவிட்டுப் போனார்.

அலுவலகத்துக்கு வந்தவள் ஒரு தாளில் எழுதினாள்: ‘பயிற்சிக் குழுவுக்கு நான் வைத்த மறுப்பை எடுக்க மறந்தேன். அதனால் வரைபடம் திறக்கவில்லை. தவறு என்னுடையது.’ மேனேஜர் அறைக்குப் போனால் அங்கே இடி ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். மேனேஜர் மேஜை மேல் கோணல் மாணலான எழுத்தில் ஒரு தாள்: ‘ஞாபகத்தை நம்பித் தப்பான வால்வை மூடினேன். தவறு என்னுடையது.’

மேனேஜர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“இந்த ஆபீஸ்ல தப்பு யாரோடதுன்னு கேட்டா, நான் வந்த நாள்லேர்ந்து ஒரு ஆள் கை தூக்கினதில்லை. இப்ப ஒரே தப்புக்கு ரெண்டு பேர் வந்து நிக்கிறீங்க.”

“படம் கையில இருந்திருந்தா அவர் சரியான வால்வைத்தான் மூடியிருப்பார் சார்” என்றாள் அவள்.

“படம் இல்லைன்னா சும்மா நின்னிருக்கணும். நான்தான் பெரிய இவன் மாதிரி போய் மூடினேன்” என்றார் இடி. ஜன்னல் அதிர்ந்தது.

“போதும், ரெண்டு பேரும் வெளில போங்க” என்றார் மேனேஜர். இருவருடைய கோப்பிலும் ஓர் எச்சரிக்கைக் கடிதம் சேர்ந்தது. பள்ளத்துத் தெருக்காரர்களுக்கு நஷ்ட ஈடு கேட்டு மேனேஜர் மேலிடத்துக்கு நடையாய் நடந்து வாங்கிக் கொடுத்தார்.

வெளியே படிக்கட்டில் இறங்கும்போது இடி சொன்னார்: “நேத்து நான் போன்ல கத்துனப்ப உன் வீட்டுக்காரர் நிஜமாவே வாசக்கதவைத் திறந்தாராமே?” சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பு மாடிவரைக்கும் கேட்டது. அன்றைக்கு மதியத்துக்குள் அவள் கதவக்கா ஆகிவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் ‘மறுப்பு’ என்ற கட்டத்தைத் தொட்டதே இல்லை. தேவைப்படுகிறவர்களுக்கு அனுமதி கொடுப்பாள். தேவைப்படாதவர்களை வெறுமனே விட்டுவிடுவாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நோட்டை எடுத்துக்கொண்டு ஐந்து பிரிவுக்கும் நடந்து, யார் வந்தார்கள், யார் மாறினார்கள், யாருக்கு எது வேண்டாம் என்று கேட்டு எழுதிக்கொள்வாள். சர்வரில் ஒரு பொய் ஆளையும் உண்டாக்கினாள். சாதாரண ஊழியர் ஒருவர் உள்ளே நுழைந்தால் என்ன தெரியும், என்ன தெரியாது என்று பரிசோதிக்க ஒரு பெயர் வேண்டுமே? அவனுக்கு ‘சும்மா’ என்று பெயர் வைத்தாள். வெள்ளிக்கிழமைதோறும் சும்மாவாக உள்ளே நுழைந்து, ஒவ்வொரு ஃபோல்டரையும் தட்டிப் பார்ப்பாள்.

ஒருமுறை பணியாளர் பிரிவு தங்கள் வருகைப் பட்டியலை சர்வரில் இருந்த பெயர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தது. தலைவி சாவிக்கொத்துச் சத்தத்தோடு மாடிக்கு வந்து கதவக்காவின் காதோரம் குனிந்தார்.

“யாரும்மா இந்த சும்மா? ஒரு வருஷமா லீவ் லெட்டர் இல்லாம வரலை. விளக்கம் கேட்டு மெமோ போட்டுட்டேன். வாங்கிக்க ஆள் இல்லை.”

கதவக்கா அந்த மெமோவை வாங்கி, மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டாள். ‘சும்மா என்பவருக்கு…’ என்று தொடங்கும் அந்தத் தாளைப் படிப்பதற்காகவே மற்ற பிரிவுகளிலிருந்து ஆட்கள் மாடியேறி வருவார்கள்.

இடிக்கு நாளாக நாளாக கம்ப்யூட்டர் பிடித்துப்போயிற்று. அவருக்கென்று ஒரு ஃபோல்டர் கேட்டு வாங்கினார். எங்கே தோண்டினாலும் ஒரு படம் எடுத்து அதில் போடுவார். பைப் எவ்வளவு பெரியது என்று தெரிவதற்காகப் பக்கத்தில் தன் செருப்பை வைத்துப் படம் எடுப்பார். பதினான்கு வருடத்தில் நாலாயிரத்துச் சொச்சம் படங்கள் சேர்ந்தன, எல்லாவற்றிலும் செருப்பு. நடுவில் நான்கு ஜோடி செருப்பு மாறியிருந்தது. “செருப்பைப் பார்த்தே எந்த வருஷம்னு சொல்லிடலாம்” என்பார் வரைபடப் பிரிவுத் தலைவர். அவள் நோட்டோடு கீழே போகும்போதெல்லாம் இடி ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொல்லுவார். பத்து நிமிஷ வேலை ஒரு மணி நேரம் ஆகும்.

அவர் ஓய்வு பெற்ற நாள் வந்தது. போகிறவர்களுடைய அனுமதியைக் கடைசி நாள் ஐந்து மணிக்கு எடுத்துவிட வேண்டும் என்பது அவளே எழுதிய விதி. மாலை போட்டு வழியனுப்பும் நிகழ்ச்சி எல்லாம் முடிந்து, நாலே முக்காலுக்கு இடி தானாகவே மாடியேறி வந்தார். எதிர் மேஜைக் கம்ப்யூட்டரில் கடைசியாக ஒருதரம் தன் ஃபோல்டரைத் திறந்துவைத்துக்கொண்டார்.

“நீ எடுக்கிறதை நான் பார்க்கணும் கதவு. பண்ணு.”

“நாளைக்கு எடுத்துக்கறேனே அண்ணா.”

“விதின்னா விதி. பண்ணும்மா.”

அவள் பராமரிப்புக் குழுவைத் திறந்து, அவர் பெயரைத் தேர்ந்தெடுத்து நீக்கினாள். ‘நிச்சயமாகவா?’ என்று சர்வர் கேட்டது. ஆம் என்று அழுத்தினாள்.

இடி தன் திரையில் ஒரு படத்தைத் தட்டினார். அது திறந்தது. இன்னொன்றைத் தட்டினார். அதுவும் திறந்தது.

“இன்னும் திறக்குதே?” என்றார். முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம்.

“நீங்க உள்ள வந்தப்ப இருந்த அனுமதி அது. நீங்களா வெளில வர்ற வரைக்கும் இருக்கும். ஒருதரம் வெளில வந்துட்டா அப்புறம் திறக்காது.”

“நான் வெளில வரலைன்னா?”

“இருக்கும்ணா.”

அவர் படம் படமாகப் பார்த்துக்கொண்டே போனார். அவளும் அவசரப்படுத்தவில்லை. ஐந்தரை ஆனது. கீழே கேட்டைச் சாத்துவதற்காகக் காவலாளி இரண்டு முறை விசில் அடித்தார். இடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, வகுப்பில் படித்தபடி, அம்புக்குறியை ஜாக்கிரதையாகக் கொண்டுபோய் ‘வெளியேறு’ என்பதில் வைத்துத் தானே அழுத்தினார். திரை நீலமானது.

“சரி, வர்றேன்” என்று எழுந்தார். மாடிப்படியில் அவர் இறங்கும் சத்தம் மறையும்வரை அவள் சர்வரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை பத்தரை மணிக்கு அவள் மேஜையில் தொலைபேசி அடித்தது.

“கதவு, இன்னைக்கு எந்தத் தெருவுல தோண்டுறாங்க?”

அவள் நினைத்தால் அரை நிமிஷத்தில் பராமரிப்பு ஃபோல்டரைத் திறந்து பார்த்துச் சொல்லியிருக்கலாம். சர்வரில் அவளுக்குத் திறக்காத இடமே கிடையாது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றைத் தவிர, வேறொரு பிரிவின் ஃபைலை அவள் தன் பெயரில் திறந்ததே இல்லை. “இருங்கண்ணா, கேட்டுட்டுக் கூப்பிடுறேன்” என்று வைத்துவிட்டு, மாடிப்படி இறங்கிக் கீழே போய்ப் புது ஃபோர்மேனிடம் கேட்டாள். அவர் சொன்னார். மறுபடி ஏறி வந்து இடிக்குச் சொன்னாள். “அங்கயா? அங்க களிமண்ணாச்சே. தண்ணி ஊறும், பலகை வைக்கச் சொல்லு” என்றார் இடி. அவள் மறுபடி கீழே இறங்கினாள்.

அப்படியே ஐந்து வருடம், திங்கட்கிழமைதோறும். முழங்கால் வலி வந்த பிறகும் அவள் இறங்கி ஏறினாள். புது ஃபோர்மேனும் திங்கட்கிழமை பத்தரைக்கு ஒரு ஸ்டூலைத் தயாராகப் போட்டுவைக்கப் பழகிக்கொண்டார்.

பிறகு அவளும் ஓய்வு பெற்றாள். சர்வரையே வேறெங்கோ ஒரு நிறுவனத்தின் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அனுமதியெல்லாம் அங்கிருந்தபடியே வைக்கிறார்களாம். அவளுடைய நீள நோட்டுகள் பதினேழும் இப்போது வீட்டு அலமாரியில் இருக்கின்றன. மகள் வரும்போது எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, “யாரும்மா இது, ஆய்வகத்துல ‘எ’ வாங்கின ஒரே ஆள்?” என்று கேட்பாள். கதவக்கா கதை சொல்ல ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிப்போகும்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, இடி அவள் வீட்டுக்கே போன் செய்தார். கடைத்தெருவில் பெரிய பைப் மாற்றுகிறார்கள், பார்க்கப் போகலாமா என்றார். அவளும் கணவனும் கிளம்பினார்கள். அவனும் பேருந்தை விட்டு இறங்கி இரண்டு வருடமாகிறது. மூன்று பேரும் கயிறு கட்டியிருந்த இடத்துக்கு வெளியே நின்றார்கள். உள்ளே இளம் வயதுக்காரர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். யாருக்கும் இவர்களைத் தெரியவில்லை. “ஓரமா நில்லுங்க பெரியவரே” என்று ஒருவன் சொன்னான். இடி இரண்டடி தள்ளி நின்றார்.

புதுப் பைப்பை இறக்கிப் பொருத்தி, வால்வைத் திறந்தார்கள். முதலில் காற்று வந்தது, பிறகு செந்நிறமாகத் தண்ணீர் வந்தது.

“இன்னும் அரைச் சுத்து திறக்கணும்” என்றார் இடி, அவளுக்கு மட்டும் கேட்கும் குரலில்.

உள்ளே இருந்தவன் ஒரு முழுச் சுற்றுத் திறந்தான். தண்ணீர் கொப்பளித்து எல்லோர் மேலும் தெறித்தது. கதவக்காவின் கண்ணாடியெல்லாம் நனைந்துவிட்டது. அவள் அதைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே சிரித்தாள். தண்ணீர் தெளியும்வரை நின்று பார்த்துவிட்டு, மூன்று பேரும் எதிர்க்கடையில் டீ குடிக்கப் போனார்கள்.